சீட்டின் மூன்றாவது வரி

சாகப்போகிற கம்ப்யூட்டர் டிஸ்க்கிடம் கடைசி வார்த்தையை வாங்கிவிடுகிறவள் என்று தூத்துக்குடியில் ஜெபக்கனிக்குப் பேர். மீன்வலைக் கடைக்கு மேலே, மாடியில், பலகையால் இரண்டாகத் தடுத்த ஒரே அறை. உப்புக்காற்று வந்து சாமான்களை அரிக்காமல் இருக்க ஜன்னல் இடுக்கெல்லாம் நாடா ஒட்டி அடைத்திருந்தாள். அவளுக்கு வயது முப்பத்தாறு. அவளிடம் தொழில் படிக்க வந்த தொம்மைக்கு ஐம்பத்து நான்கு.

தொம்மை அவளை "ஆசானே" என்று கூப்பிடுவார். முதலில் கேலிக்குத்தான் கூப்பிட்டார். கேலி எப்போதோ உதிர்ந்துவிட்டது. பேர் தங்கிவிட்டது. அவள் அவரை "அண்ணாச்சி" என்பாள்.

தொம்மை பழைய கிரேன் ஆபரேட்டர். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கிய ஒரு கம்பெனியில் பதினெட்டு வருசம் வேலை. கடைசியில் நாலாம் நம்பர் கிரேன். அதன் வயர் ரோப்பு அறுந்து, கீழே கொக்கி மாட்டிக்கொண்டிருந்த இசக்கி என்பவர் அந்த இடத்திலேயே செத்துப்போனார். பழி தொம்மையின் தலையில் விழுந்தது. வேலையும் போயிற்று. பதினோரு வருசம் ஆகிறது. அந்தக் கதையைக் கேட்காமல் யாரும் அந்த மாடிப்படியை விட்டு இறங்கியது கிடையாது. கூரியர்காரன் உட்பட.

வந்த புதிதில் ஒருநாள் தொம்மை கேட்டார்.

"ஆசானே, டிஸ்க்குல ஒரு இடம் கெட்டுப்போச்சுன்னா அது என்ன செய்யும்?"

"உள்ளுக்குள்ள உபரியாக் கொஞ்சம் இடம் ஒளிச்சு வச்சிருக்கும். அங்க எழுதிக்கிடும்."

"நம்மகிட்டச் சொல்லுமா?"

"அதுபாட்டுக்குச் செய்யும். சொல்லாது."

"கெட்டுப்போன இடம்?"

"அதுக்குப் பொறவு அந்தப் பக்கமே போகாது."

தொம்மைக்குச் சுள்ளென்று வந்துவிட்டது.

"இது என்ன அயோக்கியத்தனம்! உள்ள ஓட்டை, வெளிய நல்ல பிள்ளை. நடந்த கேட்டை அப்படியே மறந்துருமோ?"

ஜெபக்கனி எள்ளைவிடச் சின்னதான ஒரு திருகாணியை இடுக்கியில் பிடித்திருந்தாள். மூச்சைக்கூட அடக்கி வைத்திருந்தாள்.

"ஆணி விழுந்துரும் அண்ணாச்சி. பொறவு சொல்லுதேன்."

அந்தப் 'பொறவு' அன்றைக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. தொம்மை அதையும் தமக்கு நடந்த அநியாயங்களின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. டிஸ்க்கைக் கொண்டு வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு சீட்டில் தன் கையாலேயே மூன்று வரி எழுத வேண்டும். முதலில் வேண்டியது. பிறகு வேண்டியது. வேண்டாதது. கீழே தேதி, கையெழுத்து.

"வேண்டாதது எதுக்கு?" என்று தொம்மை கேட்டிருக்கிறார்.

"அதுகிட்ட மிச்சமிருக்கிறது கொஞ்சம் மூச்சு. எதுக்கு அதைச் செலவழிக்கக் கூடாதுன்னும் தெரியணும்லா?"

வேலை முடிந்ததும் டிஸ்க்கு அவர்களோடு போகும். சீட்டு கடையிலேயே நிற்கும். சுவரில் வளைத்து மாட்டிய கம்பியில் குத்தி வைப்பாள். ஆறு வருசத்துச் சீட்டுகள் அந்தக் கம்பியில் இருந்தன. "டிஸ்க்கு அவங்களுது. சீட்டு நம்மளுது" என்பாள். இன்னொன்றும் சொல்வாள். மூன்றாவது வரியில் இருப்பதைத் தொடக் கூடாது. திறக்கக் கூடாது. முகர்ந்தும் பார்க்கக் கூடாது.

ஒரு புதன்கிழமை காலை. தொம்மை தடுப்புக்குப் பின்னால் இருந்து பென்சில் ரப்பரால் ஒரு டிஸ்க்கின் சர்க்யூட் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். படியில் செருப்புச் சத்தம். மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு குரல், "இங்கனதானம்மா டிஸ்க்கு பாக்கிறது?" என்றது.

தொம்மையின் கையிலிருந்து ரப்பர் விழுந்தது.

அந்தக் குரலைப் பதினோரு வருசத்துக்கு முன்னால் விசாரணை அறையில் கேட்டது. "ஆபரேட்டர் எங்கிட்ட வாயாலயும் சொல்லல, எழுத்தாலயும் தரல" என்று அட்சரம் பிசகாமல் சொன்ன குரல். ஆறுமுகநயினார். அந்தக் கம்பெனியின் மேற்பார்வை அதிகாரி. இப்போது ஓய்வு.

தொம்மை எழுந்து பலகை இடுக்கில் பார்த்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது.

"எம் பொண்டாட்டி பேசினது இதுல இருக்கும்மா" என்றார் நயினார். "பக்கவாதம் வந்து அவளுக்குப் பேச்சு போயிருச்சு. ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு பிள்ளை வந்து பேசப் பழக்கும். தெனம் நான் வீடியோ எடுத்து வச்சேன். நூத்தி நாப்பது. போன வருசம் போய்ச் சேந்துட்டா."

"எல்லாமே வேணுமா சார்?"

"நூத்தி நாப்பதாவது கண்டிப்பா வேணும். அதுல எம்பேரச் சொல்லுவா." டிஸ்க்கை மேசையில் வைத்தார். "கல்யாணம் முடிச்சு நாப்பத்தி மூணு வருசம். ஒருநா சொன்னதில்ல. திருச்செந்தூர்ச் சாமி பேரையும் சொல்ல மாட்டா, அதும் எம்பேருங்கிறதால. செந்தூரான்னுதான் சொல்லுவா."

ஜெபக்கனி சீட்டை நீட்டினாள். அவர் இரண்டு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"மூணாவது, சார்."

"வேண்டாததுன்னு ஒண்ணுமில்லையே."

"இருக்கும் சார். டிஸ்க்குன்னு இருந்தா இருக்கும். தெளிவாப் பேர் போட்டு எழுதுங்க. இல்லைன்னா மெசினு அதையும் எடுக்கப் போயி உயிர விட்டுரும். பொறவு உங்க வீட்டம்மா குரலும் கிடைக்காது."

பேனா காகிதத்துக்கு மேலே நெடுநேரம் நின்றது. பிறகு எழுதிற்று.

"பழைய ஆபீஸ் குப்பை" என்றார் நயினார். யாரும் விளக்கம் கேட்கவில்லை.

அவர் படியிறங்கியதும் தொம்மை வெளியே பாய்ந்து வந்து சீட்டைப் பறித்தார்.

முதலில் வேண்டியது: பேச்சுப் பயிற்சி, 1 முதல் 140 வரை.

பிறகு வேண்டியது: பேரன் காதுகுத்து.

வேண்டாதது: நாலாம் நம்பர் கிரேன். விசாரணைக் காகிதம், 11.6.2013 ஆபரேட்டர் தந்த கடிதம்.

தொம்மை சீட்டைத் தூக்கி ஆட்டினார்.

"இருக்கு! பாத்தியளா ஆசானே, இருக்கு! வயர் ரோப்புல இழை விட்டிருக்கு, கிரேனை நிப்பாட்டுங்கன்னு நான் எழுதிக் குடுத்த கடிதம். நகல் வாங்காம வந்த மடையன் நான். தரவே இல்லைன்னு சத்தியம் பண்ணினானே, ஸ்கேன் பண்ணி இதுக்குள்ள வச்சிருக்கான்!"

"அவரு டிஸ்க்குல இருக்கு" என்றாள் ஜெபக்கனி.

"எங்கடிதம்!"

"மூணாவது வரியில இருக்கு."

"மூணாவது வரிக்கு நான் தீ வைக்க! இசக்கி பொண்டாட்டி பேச்சித்தாய் என்னை எதிர்ல கண்டா தெருவத் தாண்டிப் போறா, தெரியுமா? பதினோரு வருசமா. நான் சாராயத்தக் குடிச்சிட்டுக் கிரேன் ஓட்டினேன்னு எவனோ சொல்லி வச்சிருக்கான். அந்தக் கடிதத்த அவ கையில ஒரே ஒரு மட்டம் குடுக்கணும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

ஜெபக்கனி சீட்டை வாங்கி, மேசைக்கு எதிரே சுவரில் ஊசியால் குத்தினாள். வேலை நடக்கும்வரை சீட்டு அங்கேதான் இருக்கும், பார்த்துப் பார்த்துச் செய்ய.

"நான் பாளையங்கோட்டைக்குப் போயிட்டுச் சாயங்காலம் வந்துருவேன். இந்த வேலைய நீங்க செய்யுதியளா, நான் வந்து செய்யட்டா?"

"நானே செய்யுதேன்."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்ல இடம் முதல்ல. எங்க திக்குதோ அங்க நிக்காதிய, தாண்டிப் போயிருங்க. முழுக்கப் போயிட்டுப் பொறவு பின்னாலேருந்து திரும்பி வாங்க. முன்னாலேருந்து வந்தா தெறக்காத இடம் சிலது பின்னாலேருந்து வந்தா தெறக்கும். எல்லாத்துக்கும் கடைசியிலதான் கெட்ட இடம்."

"தெரியும்" என்றார் தொம்மை.

தெரியும்தான். அவள் கீழே இறங்கிப் பஸ் ஏறியிருக்க மாட்டாள். தொம்மை டிஸ்க்கில் நேரே நாலாம் நம்பர் கிரேனுக்குப் போனார்.

பேர் மட்டும் தெரிந்தது. 'ஆபரேட்டர் கடிதம்.' திறந்தார். திறக்கவில்லை. படிக்க முடியவில்லை, மீண்டும் முயலவா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினார்.

மறுபடியும் கேட்டது. மறுபடியும் அழுத்தினார்.

கல்லுக்குத்தான் கண்ணில்லை, இந்தத் தகட்டுக்குமா? மற்ற எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறது. காதுகுத்து இருக்கிறது. மொட்டை போட்டது இருக்கிறது. கேக் வெட்டினது இருக்கிறது. ஒரு மனிதன் செத்ததற்கான சாட்சி இருக்கிற இடம் பார்த்துத்தானா கெட்டுப்போக வேண்டும்? தொம்மை பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. விரல் அதே இடத்தில் இருந்தது.

மூன்று மணி வாக்கில் டிஸ்க்குக்குள் ஒரு சத்தம் கேட்டது. டக். கொஞ்ச நேரம் கழித்து, டக். டக். அறுவதற்கு முன்னால் வயர் ரோப்பும் இப்படித்தான் ஒரு சொடுக்குச் சொடுக்கும். தொம்மைக்கு அந்தச் சத்தம் தெரியும். தெரிந்தும் இன்னொரு தடவை அழுத்தினார்.

திரையில் டிஸ்க்கின் பேரே மறைந்துபோயிற்று.

ஜெபக்கனி வந்தபோது அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் பையைக்கூட இறக்கவில்லை. டிஸ்க்கின் முதுகில் கையை வைத்தாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள். அத்தனை சூடு. மின்சாரத்தை அணைத்தாள்.

"எத்தனை மட்டம் அழுத்துனிய?"

"எண்ணல."

திரை எண்ணியிருந்தது. அறுநூற்றுப் பதினாலு.

"அவன் சொன்னது ஒரே ஒரு பொய்" என்றார் தொம்மை. குரல் கிழிந்து வந்தது. "அதுக்கு அறுநூத்திப் பதினாலு காணாது. ஆறாயிரம் காணாது. திட்டணும்னா திட்டுங்க. வெளிய போன்னா போறேன்."

அவள் திட்டவில்லை. டிஸ்க்கைக் கழற்றி ஒரு பருத்தித் துணிமேல் வைத்தாள்.

"ஆறட்டும். அதுவரைக்கும் அந்தக் கிரேன் கதையச் சொல்லுங்க."

"உங்களுக்குத் தெரியாததா?"

"சொல்லுங்க."

தொம்மை ஆரம்பித்தார். "பதினோராம் தேதி சாயங்காலம் ஏணியில ஏறிப் பாக்கேன். வயர் ரோப்புல..."

"மூணு இழை" என்றாள் ஜெபக்கனி. "மூணு இழை விட்டுச் சிலுப்பிக்கிட்டு நிக்கி. எறங்கி வந்தேன். சிகரெட் அட்டையக் கிழிக்கப் போயி, சேச்சே மரியாதையா இருக்கட்டும்னு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினேன். நயினார் சார் வாங்கிச் சட்டைப்பையில வச்சாரு. நாளைக்கு ஒரு கப்பல் மட்டும் எறக்கிருவோம் தொம்மைன்னாரு. இந்த எடத்துல நீங்க கையத் தட்டுவிய."

தொம்மை தட்டவிருந்த கையைக் கீழே போட்டார்.

"கேலி பண்ணுதியளா?"

"கேலி இல்ல. உங்க மக அந்த வருசம் எத்தனாங் கிளாஸு?"

"யாரு, பிலோமியா? அது... எட்டோ ஒம்பதோ."

"அந்த வருசக் கிறிஸ்மசுக்கு அவளுக்கு என்ன துணி எடுத்திய?"

தொம்மை யோசித்தார். வாயைத் திறந்தார். மூடினார்.

"அடுத்த வருசம்?"

கீழே வலைக் கடையில் யாரோ நைலான் கயிறை முழம் போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம்?" என்று சீறினார் தொம்மை.

"ஒண்ணுமில்ல. இது ஆறுதவரைக்கும் பேச்சுத்துணைக்குக் கேட்டேன்." டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தாள். "ஆறிட்டு. நாளைக்கு ஆரம்பிங்க."

"எங்கிட்டயா மறுபடியும் தாறிய?"

"பின்ன? இதுல கெட்ட இடம் எங்கன இருக்குன்னு உங்கள மாதிரி யாருக்குத் தெரியும்?"

மறுநாள் காலையில் டிஸ்க்கு முனகிக்கொண்டே எழுந்தது. தொம்மை அதனிடம் பேசவில்லை. அதுவும் அவரிடம் அதிகம் கேட்கவில்லை. நல்ல இடம். அடுத்த நல்ல இடம். திக்கினால் தாண்டல். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு படம் நிறைந்துகொண்டே வந்தது. எடுத்ததெல்லாம் பச்சை. விட்டதெல்லாம் கறுப்பு. பச்சை இவ்வளவு இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. அது அவருக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. அந்த ஆளிடத்தில் இத்தனை நல்லதா?

வெள்ளி மத்தியானத்துக்குள் நூற்று முப்பத்தொன்பது வந்துவிட்டன. நூற்று நாற்பதாவது வரவில்லை. முன்னாலிருந்து போனால் பாதியில் திக்கியது. பின்னாலிருந்து வந்தார். ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகையாக. நாலு மணிக்கு அதுவும் வந்தது.

சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது கடையின் கடமை. தொம்மை பார்த்தார். முதலாவதில் ஒரு வயசான அம்மா, வாய் ஒருபக்கம் இழுத்தபடி, "அ... அ..." என்றாள். எழுபத்தேழாவதில் "தண்ணி." நூற்றுப் பதினெட்டில் "மீனு வேண்டாம், முள்ளு."

நூற்று நாற்பதாவதில் பேசப் பழக்கும் பெண், "உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டாள். அந்த அம்மா தலையை ஆட்டினாள். "சொல்லப்படாது" என்றாள். "சாமி ஒண்ணும் செய்யாது, சொல்லுங்க." அம்மா காமிராவுக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார்த்தாள். கல்யாணப் பெண்ணைப்போல் கண்ணைத் தாழ்த்தினாள். "ஆ... று... மு... க... நயினாரு." காமிரா ஆடியது. அதன் பின்னாலிருந்து ஓர் ஆணின் விசும்பல் கேட்டது.

தொம்மை சத்தத்தை அணைத்தார்.

"அழவும் தெரியுது அவனுக்கு" என்றார்.

ஜெபக்கனி எடுத்ததையெல்லாம் புது டிஸ்க்கில் ஏற்றினாள்.

"ஆசானே, வேண்டியதெல்லாம் எடுத்தாச்சு. காதுகுத்தும் எடுத்தாச்சு. இன்னும் கொஞ்சம் மூச்சு இருக்கு. இப்ப மூணாவத எடுக்கலாம்லா? பின்னாலேருந்து போனா வரும். எனக்குத் தெரியும், வரும்."

"எழுதினவர் வந்து அடிச்சுத் திருத்தினா எடுக்கலாம்."

"அவன் திருத்துவானா?"

"கேட்டாத்தான தெரியும்."

சனிக்கிழமை நயினார் வந்தார். நாற்காலியில் உட்கார வைத்து நூற்று நாற்பதாவதைப் போட்டுக் காட்டினாள் ஜெபக்கனி. தன் பேரைக் கேட்டதும் அவர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து அவளைக் கும்பிட்டார்.

"என்னைக் கும்பிடாதிய சார். எடுத்தது இவரு."

தொம்மை தடுப்பைத் தாண்டி வெளியே வந்தார். நாலு நாள் தாடி. கை இரண்டும் பின்னால்.

நயினார் கும்பிட்ட கையைக் கீழே இறக்காமலே பார்த்தார். அந்தக் கைகள் மெள்ளப் பிரிந்தன.

"என்னையத் தெரியுதா?" என்றார் தொம்மை.

"கண்ணு சரியாத் தெரியல தம்பி. யாரு?"

"தொம்மை. நாலாம் நம்பர் கிரேன்."

"கிரேனா?"

"இசக்கி செத்த கிரேன். முந்தின நாள் உங்க கையில ஒரு கடிதம் தந்தேன். சட்டைப்பையில வச்சிய. அது இந்த டிஸ்க்குல இருக்கு. எடுத்துக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டேன். எனக்கு அந்தப் பொம்பளைகிட்டக் காட்டணும், அவ்வளவுதான்."

நயினார் டிஸ்க்கையும், எடுத்ததெல்லாம் அடங்கிய புது டிஸ்க்கையும் பைக்குள் போட்டார். பையின் ஜிப்பு மாட்டிக்கொண்டது. இரண்டு தடவை இழுத்தார்.

"வயசாயிட்டு தம்பி. அதெல்லாம் எனக்கு மறந்தே போச்சு" என்றார்.

கைப்பிடியைத் தடவித் தடவிப் படியிறங்கினார். கீழே ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

தொம்மை மேசையை ஓங்கி அடித்தார். திருகாணிகள் எல்லாம் எழும்பி விழுந்தன.

"போச்சு! கடிதமும் போச்சு, டிஸ்க்கும் போச்சு! உங்க மூணாவது வரியக் கொண்டு உப்பளத்துல போடுங்க! நான் கையெடுத்துக் கும்பிடாத கொறையாக் கேட்டேன், பாத்தியள்லா? பொய் சொல்லட்டும், பொறுத்துக்கிடுவேன். போடான்னு சொல்லட்டும், பொறுத்துக்கிடுவேன். மறந்து போச்சாம்! நான் பதினோரு வருசமாத் தெனம் செத்துக்கிட்டு இருக்கேன், அவனுக்கு மறந்து போச்சாம்! பொண்டாட்டி நூத்தி நாப்பதாவது நாள்ல என்ன சொன்னான்னு தெரியுது. ஒரு மனுசன் தலையில சரக்கு விழுந்தது மறந்து போகுமா? எப்படி மறக்கும் ஆசானே? எப்படி மறக்கும்?"

ஜெபக்கனி உருண்டுபோன திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பிறகு எழுந்து சுவரிலிருந்த சீட்டை எடுத்தாள். வேலை முடிந்த சீட்டு கம்பிக்குப் போக வேண்டும். அவள் அதைக் கம்பியில் குத்தவில்லை. தொம்மையின் முன்னால் வைத்தாள்.

"வாசிங்க."

"நாலு நாளா அதைத்தான பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பாத்திய. வாசிங்க. மூணாவது."

தொம்மை வெறுப்போடு எடுத்தார். "வேண்டாதது. நாலாம் நம்பர் கிரேன். விசாரணைக் காகிதம். பதினொண்ணு ஆறு ரெண்டாயிரத்திப் பதிமூணு..." நின்றார்.

"ம்."

"ஆபரேட்டர் தந்த கடிதம்."

"இசக்கி அண்ணாச்சி செத்தது என்னைக்கு?"

"பன்னெண்டு."

"எழுத்து யாரு எழுத்து?"

தொம்மை கீழே பார்த்தார். சீட்டின் கடைசியில் ஆறுமுகநயினார் என்று முழுப் பேரும் போட்டு, அதிகாரியாக இருந்த காலத்துப் பழக்கத்தில் அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தது. பக்கத்தில் இந்தப் புதன்கிழமைத் தேதி. நாலு நாளும் அந்தக் காகிதம் அவர் மூக்குக்கு நேரேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

"டிஸ்க்கு அவங்களுது" என்றாள் ஜெபக்கனி. "பேச்சித்தாய் வீடு எங்கன?"

"திரேஸ்புரம்" என்றார் தொம்மை. "இப்ப வீட்டுலதான் இருப்பா."

எழுந்தார். சட்டைப்பையில் வைக்கப் போனார். கை பாதியில் நின்றது. பைக்குள் வைக்காமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார், மை காயாத தாளைப் பிடிப்பதுபோல. வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அப்ப அவன் மறக்கலையா?"

"வந்த புதுசுல ஒண்ணு கேட்டிய அண்ணாச்சி. கெட்ட இடத்த டிஸ்க்கு மறந்துருமோன்னு."

"நீங்க பதிலே சொல்லல."

"ஒரு எடத்துப் பக்கம் ஒருநாளும் போயிரக் கூடாதுன்னா," என்றாள் ஜெபக்கனி, "அதோட விலாசத்த ஒரு எழுத்துப் பிசகாம எழுதி வச்சிருக்கணும்லா?"